வாசகர் கேள்வி – பதில்: அக்ரோபோலிஸ் அடிவாரத்துப் பிளாக்கா

கேள்வி (திருச்சி வாசகி): கணவரும் நானும் ஏதென்ஸ் செல்லவிருக்கிறோம். அக்ரோபோலிஸைப் பார்த்த பிறகு ஒரு பகல் மீதமிருக்கிறது. பழைய நகரமான பிளாக்காவில் கடைத்தெருவைத் தவிரப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: அக்ரோபோலிஸ் குன்றின் வடக்கு, கிழக்குச் சரிவுகளில் படிந்திருக்கும் பிளாக்காவுக்குப் போகிறவர்களில் பலர் நினைவுப் பொருள் கடைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படித் திரும்பக் கூடாது என்பது என் விருப்பம். கிழக்குப் பக்கத்தில் உள்ள லிசிக்ராட்டிஸ் நினைவுச் சின்னத்திலிருந்து தொடங்குங்கள். கி.மு. 335–334இல் நடந்த பாட்டுப் போட்டியில், லிசிக்ராட்டிஸ் என்ற செல்வர் தம் செலவில் நடத்திய சிறுவர் குழு வென்றது. பரிசாகக் கிடைத்த வெண்கல முக்காலியை ஊரறிய உயரத்தில் வைப்பதற்காக அவர் எழுப்பிய வட்டவடிவக் கட்டடம் இது. அதிலுள்ள கல்வெட்டைப் படிக்கும்போது மனம் நெகிழ்கிறது: செலவு செய்தவர் தம் பெயரோடு நிறுத்திக்கொள்ளவில்லை, குழல் வாசித்தவர் தியோன் என்றும் சிறுவர்களுக்குப் பயிற்சி அளித்தவர் லிசியாடிஸ் என்றும் சேர்த்தே பொறித்து வைத்திருக்கிறார்.

இச்சின்னம் இன்றுவரை நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1669இல் இவ்விடத்தை வாங்கிய கப்புச்சின் சபைக் கத்தோலிக்கத் துறவியர், இதைத் தம் மடத்தோடு சேர்த்துக் கட்டி, நூலகமாகப் பயன்படுத்தினர். ஆங்கிலக் கவிஞர் பைரன் 1810–11இல் தங்கியது அந்த மடத்தில்தான். கிரேக்க மண்ணில் முதல் தக்காளிச் செடி பயிரானது அம்மடத்துத் தோட்டத்தில்தான், 1818இல், என்று ஏதென்ஸ் மக்கள் சொல்வார்கள். ஆட்டோமான் ஆட்சியை எதிர்த்துக் கிரேக்கர் நடத்திய விடுதலைப் போரின்போது மடம் அழிந்துபோக, அது காத்து நின்ற சின்னம் மட்டும் எஞ்சியது.

அங்கிருந்து புறப்படும் திரிப்போதோன் தெரு, முக்காலிகள் வரிசையாக நின்ற பழங்காலத் தெருவின் பெயரையே இன்றும் தாங்கியிருக்கிறது. அதன் வழியே நடந்து, மேற்கே ரோமானியச் சந்தைத் திடலுக்குச் செல்லுங்கள். அங்குள்ள காற்றுகளின் கோபுரத்துக்கு அரைமணி நேரமாவது ஒதுக்க வேண்டும். சிரஸ் நகரத்து ஆண்ட்ரோனிக்கஸ் என்ற வானியலாளர் பளிங்கில் கட்டிய எண்கோணக் கோபுரம் அது. உயரம் ஏறத்தாழ 12 மீட்டர். உள்ளே நீர்க்கடிகாரமும் வெளிச்சுவர்களில் சூரியக் கடிகாரங்களும் இருந்தன. சூரியக் கடிகாரங்களின் கோடுகளை இன்றும் காணலாம். எட்டுப் பக்கங்களிலும் எட்டுக் காற்றுகள் சிறகுகளோடு செதுக்கப்பட்டிருக்கின்றன. வாடைக் காற்றான போரியாஸ் தடித்த போர்வை போர்த்த தாடிக்கார முதியவராகச் சங்கு ஊதுகிறார். மழை கொணரும் தென்காற்று நோட்டோஸ் குடத்து நீரைக் கவிழ்க்கிறார். மேலைக் காற்றான செஃபிரஸ் மடியிலிருந்து பூக்களைத் தூவுகிறார். பிற்காலத்தில் கிறித்தவ வழிபாட்டுக்கும், அதன்பின் சுழன்றாடும் தர்வேசுகள் என்ற இஸ்லாமியத் துறவியரின் வழிபாட்டுக்கும் இதே கூடம் இடம் தந்திருக்கிறது. சீரமைப்புப் பணி முடிந்து 2016இல் உட்புறமும் திறக்கப்பட்டது. கோபுரத்துக்கு எதிரே தனியாக நிற்கும் வாசல், 1721இல் கட்டப்பட்ட மதரசாவின் வாசல். பின்னாளில் சிறைச்சாலையான அக்கட்டடத்தில் பெரும்பகுதி இடிக்கப்பட்டுவிட்டது.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): பிளாக்காவில் தொன்மையான நகரத்தின் மேலேயே வீடுகளும் உணவகங்களும் இருப்பதாக அறிகிறேன். அவற்றை அகற்றி, அடியில் இருப்பதை முழுவதும் அகழ்ந்தெடுக்காதது ஏன்?

பதில்: அகற்ற வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. 1834இல் ஏதென்ஸ் தலைநகரானபோது வரையப்பட்ட நகரத் திட்டமே குன்றின் அடிவாரத்தை அகழாய்வுக்காக ஒதுக்கிவைக்கச் சொன்னது. நிலத்தை விலைக்கு வாங்கப் பணமில்லாததால் அது முழுமையாக நடக்கவில்லை. 1884இல் பழைய கடைவீதி தீப்பற்றி எரிந்த பிறகு, காலியான இடத்தில், ரோமானியப் பேரரசர் ஹேட்ரியன் கட்டிய நூலகப் பகுதியில் அகழாய்வு நடந்தது. 1931இல் அமெரிக்கத் தொல்லியல் பள்ளியினர் அகோரா என்ற பண்டைய சந்தைத் திடலைத் தோண்டத் தொடங்கியபோதோ, பிளாக்காவை ஒட்டியிருந்த விரிசாக்கி என்ற குடியிருப்பே இல்லாமல் போயிற்று. நூற்றுக்கணக்கான வீடுகள் இடிக்கப்பட்டன. அதனால் கிடைத்த அறிவு மிகப் பெரியது என்பதை மறுக்க முடியாது. ஆயினும் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களின் தெருக்களும் கிணற்றடிகளும் பழைய ஏதென்ஸின் வரலாறுதான் என்பதை அன்று போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்றே நான் கருதுகிறேன். அக்ரோபோலிஸின் மேலும் இதுதான் நடந்தது: அங்கே நின்ற இடைக்காலக் கோபுரம், டிராயைத் தோண்டிய ஷ்லீமனின் பொருளுதவியோடு 1875இல் இடித்துத் தள்ளப்பட்டது. ஏதென்ஸின் பொற்காலமான கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு ஒன்றே வரலாறு, மற்றவை மேலே படிந்த தூசி என்ற பார்வை அது.

பிளாக்கா அந்தப் பார்வைக்குத் தப்பிய இடம் என்பதாலேயே எனக்கு அதன்மேல் இத்தனை பற்று. தலைமைப் பேராலயத்தின் அருகே உள்ள சிறிய மெட்ரோபோலிஸ் என்ற மிகச் சிறிய தேவாலயத்தின் சுவரை நிதானமாகப் பாருங்கள். பண்டைய கோயில்கள், கல்லறைகள், பழைய தேவாலயங்கள் ஆகியவற்றின் கற்களாலேயே சுவர் முழுதும் எழுப்பப்பட்டிருக்கிறது. வாசலுக்கு மேலே, பண்டைய ஏதென்ஸின் மாதங்களையும் திருவிழாக்களையும் வரிசையாகக் காட்டும் நாட்காட்டிச் சிற்பப் பட்டை இருக்கிறது. அதை எடுத்து வைத்தவர்கள் அதன்மேல் சிலுவைகளைப் பொறித்தார்களேயன்றி, பட்டையையே சிதைத்துவிடவில்லை.

கேள்வி (சென்னை வாசகர்): தீவுகளில் இருப்பது போன்ற வெள்ளை வீடுகள் ஏதென்ஸிலேயே உள்ளன என்கிறார்களே, அது எந்த இடம்?

பதில்: பிளாக்காவின் மேல் விளிம்பில், குன்றின் பாறையை ஒட்டியிருக்கும் அனஃபியோத்திகா. இன்று நாடாளுமன்றமாக விளங்கும் அரண்மனையைக் கிரேக்கத்தின் முதல் மன்னர் ஓட்டோவுக்காகக் கட்டவந்த அனஃபி தீவுத் தொழிலாளர்கள், 1840களில் தம் ஊர் வீடுகளைப் போலவே இங்கே கட்டிக்கொண்டார்கள். 1950இல் அகழாய்வுக்காக ஒரு பகுதி இடிக்கப்பட்டது. இன்று ஏறத்தாழ 45 வீடுகளே எஞ்சியுள்ளன. இருவர் எதிரெதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டிய அளவுக்குச் சந்துகள் குறுகலானவை. மக்கள் குடியிருக்கும் வீடுகள் அவை என்பதால், வாசற்படிகளில் அமர்ந்து படமெடுப்பதைத் தவிர்க்க வேண்டுகிறேன்.

கேள்வி (மதுரை வாசகி): நாங்கள் சைவம். கிரேக்க உணவு என்றாலே இறைச்சிதான் என்று பயமுறுத்துகிறார்கள். பிளாக்காவில் எதைச் சாப்பிடுவது?

பதில்: அஞ்ச வேண்டியதில்லை. சுற்றுலாப் பயணிகளுக்காகப் படம் போட்ட விலைப்பட்டியலில் கொத்திறைச்சி வைத்த முசாக்காவும் கம்பியில் சுட்ட சூவ்லாக்கியும் முன்னால் நிற்கும். கிரேக்க வீடுகளின் அன்றாடச் சமையலோ பெரும்பாலும் காய்கறியும் பருப்பும் கீரையும்தான். இன்று எல்லாரும் அறிந்த முசாக்காவின் மேலுள்ள வெண்ணிறப் பால் சாந்துகூட, 1920களில் செலமெண்டெஸ் என்ற சமையற்கலைஞர் பிரெஞ்சு முறையிலிருந்து கொண்டுவந்து பரப்பியதே.

‘லாதெரா’ என்று கேளுங்கள். ஆலிவ் எண்ணெயில் தக்காளியோடு நெடுநேரம் வேகவைத்த பீன்ஸ், கத்தரிக்காய், வெண்டைக்காய் போன்றவற்றுக்கு அதுவே பொதுப்பெயர். ‘பிரியாம்’ என்பது உருளைக்கிழங்கு, பூசணி இனத்துச் சுக்கினி, கத்தரிக்காய் ஆகியவற்றைச் சேர்த்து அடுப்பில் சுட்டது. ‘யிகாந்தெஸ்’ என்பவை தக்காளிச் சாற்றில் வெந்த பெரிய வெள்ளை மொச்சைகள். மசித்த மஞ்சள் பருப்பின் மேல் பச்சை வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் இட்டுத் தரும் ‘ஃபாவா’, பருப்புசாதம் உண்டு வளர்ந்த நமக்கு முதல் வாயிலேயே பிடித்துப்போகும். வேகவைத்த கீரையில் எலுமிச்சை பிழிந்த ‘ஹோர்த்தா’வையும் விட்டுவிடாதீர்கள். இவை பெரும்பாலும் காலையில் சமைத்துத் தட்டுகளில் வைக்கப்படுபவை. ஆகவே மதிய வேளையே ஏற்றது. ஆறிப் போயிருக்கிறதே என்று எண்ண வேண்டாம், வெதுவெதுப்பாக உண்பதே அவர்கள் வழக்கம்.

ஒரு எச்சரிக்கை. ‘நிஸ்தீசிமோ’ என்றால், கிரேக்கர்களில் பெரும்பாலோர் சார்ந்த ஆர்த்தடாக்ஸ் கிறித்தவத் திருச்சபையின் நோன்பு உணவு. அதில் இறைச்சி, பால், முட்டை மூன்றும் இருக்காது. ஆனால் கணவாயும் சிப்பியும் நோன்புக்கு விலக்கில்லை என்பதால், கேட்டுத் தெளிவது நல்லது. திராட்சை இலையில் பொதிந்த தோல்மாதெஸில் சில இடங்களில் அரிசி மட்டும் இருக்கும், சில இடங்களில் கொத்திறைச்சியும் சேரும். இளஞ்சிவப்பாகத் தோன்றும் தாரமோசலாத்தா மீன் சினையில் செய்யப்படுவது.

கேள்வி (புதுச்சேரி வாசகி): கிரேக்கர்களும் ரவையில் அல்வா செய்வார்களாமே? செய்முறை சொல்ல இயலுமா?

பதில்: நோன்பு நாட்களுக்கு உகந்த இனிப்பு அது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அளவை மனப்பாடமாகவே சொல்வார்கள்: ஒரு பங்கு எண்ணெய், இரண்டு பங்கு சற்றுப் பெருவெட்டான ரவை, மூன்று பங்கு சர்க்கரை, நான்கு பங்கு நீர். நீரில் சர்க்கரை, பட்டை, கிராம்பு, எலுமிச்சைத் தோல் சேர்த்துச் சில நிமிடங்கள் கொதிக்கவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வேறொரு கனமான பாத்திரத்தில் எண்ணெயைச் சூடாக்கி, ரவையைக் கைவிடாமல் கிளறி வறுக்க வேண்டும். கேசரிக்கு வறுப்பதோடு நிறுத்தாமல், நிறம் நன்கு ஆழ்ந்து முந்திரி வறுபடுவது போன்ற மணம் வரும்வரை வறுப்பதில்தான் இதன் சுவை இருக்கிறது. பாதாம் துண்டுகளையும் அப்போதே சேர்க்கலாம். பிறகு அடுப்பைத் தணித்து, பாகை வடிகட்டிச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். பொங்கித் தெறிக்கும் என்பதால் கையைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஓரங்களில் ஒட்டாமல் திரண்டு வந்ததும் கிண்ணத்தில் அழுத்தி, ஆறிய பின் கவிழ்த்துப் பட்டைத்தூள் தூவ வேண்டும். நெய்யும் கேசரிப் பவுடரும் கிடையாது.

கேள்வி (தூத்துக்குடி வாசகர்): உயிர்ப்புப் பெருவிழாவை ஏதென்ஸில் காண விரும்புகிறேன். பிளாக்காவில் விசேஷம் உண்டா?

பதில்: உண்டு. பெரிய வெள்ளி இரவில், மலர்களால் அலங்கரித்த கிறிஸ்துவின் பாடை போன்ற எப்பிதாஃபியோஸ், ஒவ்வொரு பங்குத் தேவாலயத்திலிருந்தும் மெழுகுவர்த்தி ஏந்திய மக்களோடு சந்துகளின் வழியே பவனி வரும். மறுநாள் எருசலேமின் திருக்கல்லறைத் தேவாலயத்தில் ஏற்றப்படும் புனித நெருப்பு விமானத்தில் ஏதென்ஸுக்கு வருகிறது. எரெக்தியோஸ் தெருவில் உள்ள அயியி அனார்யிரி தேவாலயம் திருக்கல்லறைக்கு உரிய கிளை என்பதால், அது முதலில் அங்கே கொண்டுவரப்படும். நள்ளிரவில் “கிறிஸ்தோஸ் அனேஸ்தி” (கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்) என்ற பாடல் எழ, சுடர் கைக்குக் கை மாறும். அதை அணையாமல் வீட்டுக்குக் கொண்டுசென்று, கரிப்புகையால் நிலைப்படியின் மேல் சிலுவை வரைவார்கள். ஆர்த்தடாக்ஸ் விழா பல ஆண்டுகளில் நம் ஊர் ஈஸ்டருக்குப் பிந்தியே வருகிறது. சில ஆண்டுகளில் இரண்டும் ஒரே நாளில் அமையும். ஆகவே விமானச் சீட்டு வாங்கும் முன் அவ்வாண்டின் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறும் திங்களும் பல கடைகளும் காட்சியகங்களும் மூடியிருக்கும் என்பதால், இடிபாடுகளைப் பார்க்கும் வேலையை வியாழனுக்குள் முடித்துக்கொள்வது நல்லது.