மகளின் கண் ஆபரேஷன்: எஃப்.டி.யை உடைக்கலாமா, நகையை வைக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. மூட்டுவாதத்தோடு வந்த யுவியைட்டிஸால் (கண்ணுக்குள் வரும் அழற்சி) இடது கண்ணில் புரை விழுந்துவிட்டது. கண் அழற்சி அடங்கி மூன்று மாதமாவது அப்படியே இருந்தால்தான் ஆபரேஷன் என்கிறார் டாக்டர். அதற்குள் புதிதாக ஹெல்த் பாலிசி எடுக்கலாமா? 3 லட்ச ரூபாய் எஃப்.டி.யும் 8 பவுன் நகையும் இருக்கின்றன. கணவர் தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறார். – ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: புதுப் பாலிசி இந்த ஆபரேஷனுக்கு உதவாது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம்; அதுவரை அந்த நோய்க்கு க்ளெய்ம் கிடைக்காது. கண்புரைக்கென்றே தனியாக 2 ஆண்டு வைக்கும் பாலிசிகளும் நிறைய. நோயைச் சொல்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று எந்த ஏஜென்டாவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பழைய மருந்துச்சீட்டு ஒன்று போதும், க்ளெய்மை நிராகரித்துவிடுவார்கள்.

முதலில் கணவரின் கம்பெனி குரூப் பாலிசியைப் பாருங்கள். இவற்றில் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே பழைய நோய்களுக்கும் கவரேஜ் உண்டு. மகள் பெயர் அதில் சேர்ந்திருக்கிறதா என்று எச்.ஆரிடம் கேளுங்கள். அப்புறம், கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு இருக்கும். அது பெரியவர்களை மனதில் வைத்துப் போட்ட கணக்கு. அவர்களுக்குச் சொட்டு மருந்திலேயே மரத்துப்போக வைத்துச் செய்துவிடுவார்கள். குழந்தைக்கு முழு மயக்கம் கொடுக்க வேண்டும், பில் கூடும். அழற்சியை அடக்க அடலிமுமாப் ஊசி போடச் சொன்னால் அதையும் கேளுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் நவீன சிகிச்சைப் பட்டியலில் மோனோகுளோனல் ஆன்டிபாடி ஊசி (அடலிமுமாப் இந்த வகைதான்) இருக்கிறது, ஆனால் அதற்கும் வரம்பு வைத்திருப்பார்கள். பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஆபரேஷனுக்கு மட்டும் கணக்குப் போடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. இந்த நோயில் செலவு அதற்கு முன்பே தொடங்கி, பின்னும் ஓடும். அழற்சிக்கான மெத்தோட்ரெக்சேட் மருந்து, ரத்தப் பரிசோதனை, இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி, கண் அழுத்தம் பார்க்க அடிக்கடி பயணம், மாறிக்கொண்டே இருக்கும் கண்ணாடி. நல்ல கண்ணை மறைத்துக் கட்டிப் பயிற்சி கொடுக்க வேண்டி வரலாம். பின்னால் லேசரும் தேவைப்படலாம். ஆஸ்பத்திரியில் சேராமல் ஆகும் இந்தச் செலவுகளில் பெரும்பகுதி உங்கள் கையிலிருந்துதான் போகும்.

அழற்சி மீண்டும் கிளம்பினால் ஆபரேஷன் தேதி தள்ளிப்போகும். பாலிசி ஆண்டு முடிகிறதே என்று டாக்டரை அவசரப்படுத்தாதீர்கள். தேதி நிச்சயமில்லை என்பதால்தான் எஃப்.டி.யை உடைக்க வேண்டாம் என்கிறேன். அதன்மேல் ஓவர்டிராஃப்ட் (எஃப்.டி.யை ஈடாக வைத்து, வேண்டும்போது பணம் எடுக்கும் கடன் வசதி) வாங்கி வையுங்கள். எஃப்.டி. வட்டியைவிடப் பொதுவாக 1 முதல் 2 சதவீதம்தான் கூடுதல், எடுத்த பணத்துக்கு மட்டும்தான் வட்டி. நகை பெட்டியிலேயே இருக்கட்டும். இப்போதே கொண்டுபோய் வைத்தால், தேதி தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் சும்மா வட்டி கட்டுவீர்கள்.