தெருவை மூடுவதற்கு முன் உத்தரவு எண்ணைக் கேளுங்கள்

கேள்வி: வளசரவாக்கத்தில், ஆற்காடு சாலையை ஒட்டிய உட்தெரு ஒன்றில் குடியிருக்கிறோம். மெட்ரோ வேலை தொடங்கியதிலிருந்து பிரதான சாலையில் போக வேண்டிய வண்டிகள் எல்லாம் எங்கள் தெருவுக்குள் புகுந்து பறக்கின்றன. செல்போன் மேப்பே இந்த வழியைத்தான் காட்டுகிறது. போன மாதம் என் மாமியாரை ஒரு பைக் இடித்து மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. இடித்த பையன் வைத்தியச் செலவைக் கொடுத்ததால் போலீசுக்குப் போகவில்லை. மகன் எட்டாம் வகுப்பு, சைக்கிளில் பள்ளிக்குப் போகிறான். எங்கள் குடியிருப்போர் சங்கம் தெருமுனையில் டிரம் வைத்துச் சங்கிலி கட்டி மூடியது. கடைக்காரர்கள் சண்டை போட்டு, காவல் நிலையத்தில் புகாரும் கொடுத்துவிட்டார்கள். இப்போது ஒருவர், வீட்டுக்கு 1,500 ரூபாய் வசூலித்துத் தந்தால் ‘நுழையாதே’ பலகையும் வேகத்தடையும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? எங்கள் தெருவை மூட எங்களுக்கு உரிமை இல்லையா?

பதில்: கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். போக்குவரத்துப் பலகை கேட்டு மனு கொடுக்க ஒரு ரூபாய் கட்டணம் கிடையாது. பலகை வைப்பதும் வேகத்தடை போடுவதும் அரசின் செலவு. வீட்டுக்கு இவ்வளவு என்று யாராவது வசூலித்தால் அந்தப் பணம் எந்த அலுவலகக் கணக்கிலும் ஏறாது. இந்த ஆட்கள் செய்வதை நிறையப் பார்த்துவிட்டேன். வார்டு பெயரைச் சொல்வார்கள், ஒரு அதிகாரியோடு எடுத்துக்கொண்ட போட்டோவைக் காட்டுவார்கள். பத்து நாளில் ஒரு தகரப் பலகை வந்து கம்பத்தில் தொங்கும். பார்க்க அசலாகவே இருக்கும். ஆறு மாதம் கழித்து யாராவது அதை மீறி வந்து இடித்தால், அந்தப் பலகைக்குப் பின்னால் உத்தரவே இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரியும். அவர் மறுபடி வந்து நின்றால் ஒரே கேள்வி கேளுங்கள்: “உத்தரவு எண் என்ன, தேதி என்ன?”

இப்போது உங்கள் டிரம்முக்கும் சங்கிலிக்கும் வருகிறேன். சொன்னால் வருத்தப்படுவீர்கள், ஆனாலும் இன்றே எடுத்துவிடுங்கள். அது உங்கள் தெருதான், ஆனால் பொதுத்தெரு. சங்கமோ கவுன்சிலரோ நினைத்தால் மூடிவிட முடியாது. பொதுவழியை மறிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 285ஆம் பிரிவில் குற்றம். 5,000 ரூபாய் வரை அபராதம். இதற்கு முன்பிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் இதே குற்றத்துக்கு 200 ரூபாய்தான் இருந்தது. அதனால்தான் இத்தனை காலம் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைக்காரர் கொடுத்த புகாருக்கு இதுவே போதும். அபராதத்தைவிட எனக்குப் பெரிய கவலை அந்தச் சங்கிலி. இரவில் தெருவிளக்கு ஒன்று அணைந்திருந்தால் பைக்கில் வருபவன் கண்ணுக்குச் சங்கிலி தெரியாது. கழுத்து உயரத்தில் மாட்டினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அப்படி ஒன்று நடந்தால் 285 என்ற அளவில் நிற்காது. சங்கிலி வாங்கப் பணம் போட்டவர்கள் பெயரெல்லாம் வெளியே வரும்.

சரி, சட்டப்படி யாரால் முடியும்? மோட்டார் வாகனச் சட்டம் 1988இல் 115ஆம் பிரிவு இருக்கிறது. பொதுமக்கள் பாதுகாப்புக்காகவோ வசதிக்காகவோ ஒரு சாலையில் வாகனங்களைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் மாநில அரசுக்கும், அரசு அதிகாரம் கொடுத்த அமைப்புக்கும் அது உரிமை தருகிறது. சென்னையில் நடைமுறையில் இதை நீங்கள் கேட்க வேண்டிய இடம் போக்குவரத்துக் காவல்துறை. நிரந்தரத் தடை என்றால் அரசிதழில் அறிவிப்பு வர வேண்டும். பலகைக்குப் பின்னால் இருக்க வேண்டிய உத்தரவு என்று நான் சொன்னது இதுதான்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. உங்களுக்கு உதவப்போவது அதுதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். தடை ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்காது என்றால் அரசிதழ் அறிவிப்பு தேவையில்லை. ஆனால் அந்தப் பகுதியில் இருப்பவர்களுக்குத் தெரியும்படி விளம்பரம் செய்ய வேண்டும். எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, எந்த நேரத்தில், எந்த வண்டிக்கு என்று தெருமுனையில் எழுதி வைத்திருக்க வேண்டும். இந்த வழியை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ‘தெருவை மூடுங்கள்’ என்று மனு எழுதினால் எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட யோசிப்பார். ‘காலை 8 முதல் 9.30 வரை, மாலை பள்ளி விடும்போது ஒரு மணி நேரம், வெளி வண்டிகளுக்கு மட்டும், ஒரு மாதம் சோதனையாக’ என்று எழுதினால் அவருக்கும் மறுக்கக் காரணம் குறைவு. கடைக்காரர்களும் ஒரு மாதம்தானே என்று கொஞ்சம் இறங்கி வருவார்கள். அவர்களுக்குச் சரக்கு இறங்கும் நேரம் என்ன என்று முன்கூட்டியே கேட்டு அதை விட்டுவிட்டு நேரத்தைக் குறியுங்கள். ஆனால் ஒன்று. ஒரு மாதம் முடிந்ததும் இன்னொரு மாதம், அப்புறம் இன்னொன்று என்று அரசிதழைத் தொடாமலே இழுத்துக்கொண்டு போகும் பழக்கம் உண்டு. அது விதிவிலக்கை வைத்தே விதியைக் கொல்வது. உங்களுக்குச் சாதகமாக இருந்தாலும் அதற்கு ஆசைப்படாதீர்கள். கடைக்காரர் ஒரு வழக்கறிஞரைப் பிடித்தால் நிற்காது. அந்த ஒரு மாதத்தில் கணக்கு எடுங்கள்: காலையில் எத்தனை வண்டி வந்தது, முன்பு எத்தனை. நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் போதும். நிரந்தர உத்தரவு கேட்கும்போது அதுதான் உங்கள் ஆதாரம்.

தி.நகர் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு அங்கேயும் வண்டிகளை நிறுத்திச் சோதனை பார்த்தார்கள். வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம் அங்கும் எழுந்ததுதான். இந்த முன்னுதாரணத்தைக் கடைக்காரர்களோடு பேசும்போது எடுத்துப் போடலாம்.

சிலர் ‘ஒருவழிப்பாதை ஆக்கிவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்’ என்பார்கள். அவசரப்படாதீர்கள். எதிரே வண்டி வராது என்று தெரிந்தால் ஓட்டுபவர் ஆக்ஸிலரேட்டரை இன்னும் முறுக்குவார். குறுகிய தெருவில் இரண்டு பக்கமும் வண்டி வருவதாலேயே வேகம் குறைவாக இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். அதோடு உங்கள் மகன் சைக்கிளில் பள்ளிக்குப் போக இரண்டு பிரதான சாலைகளைச் சுற்றிப் போக வேண்டி வரும். ஒருவழி தவிர்க்க முடியாது என்றால் ‘சைக்கிள் நீங்கலாக’ என்ற துணைப்பலகையையும் சேர்த்தே கேளுங்கள். பின்னால் தனியாகக் கேட்டால் கிடைக்காது. தூண் நட்டு வழியைக் குறுக்கினால், சைக்கிளும் சக்கர நாற்காலியும் போகும் அளவுக்கு இடைவெளி விடச் சொல்லுங்கள்.

உங்களுக்கு உண்மையில் வேண்டியது வேகம் குறைவது. சென்னையில் குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வாகனத்துக்கும் 30 கிலோமீட்டர்தான் என்று 2023 நவம்பரிலிருந்து வரம்பு இருக்கிறது. உங்கள் தெருவில் அதைச் சொல்லும் பலகையைக் கண்டிருக்கிறீர்களா? நான் போன தெருக்கள் பலவற்றில் இல்லை. வரம்பு போட்டாயிற்று, பத்திரிகையில் செய்தி வந்தாயிற்று, அத்தோடு வேலை முடிந்தது என்ற எண்ணம். 30இல் இடித்தால் பெரும்பாலும் உயிர் தப்பும், 50இல் அந்த நம்பிக்கை வெகுவாகக் குறையும். இதைத் தெரிந்துகொண்டே பலகை வைக்காமல் இருப்பதற்கு என்ன பெயர் வைப்பது?

வேகத்தடைக்கும் ஒரு அளவு உண்டு. இந்திய சாலைப் பேரவையின் வழிகாட்டுதல்படி, வளைந்த மேட்டின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். ஏறக்குறைய ஒரு காரின் நீளம் அளவுக்கு அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருப்பு வெள்ளைக் கோடு அடித்திருக்க வேண்டும், முன்னால் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும். நம் தெருக்களில் இருப்பது என்ன? ஒரு முழ அகலத்தில் தார் உருண்டை. அல்லது ஆன்லைனில் வாங்கி நான்கு போல்ட் அடித்த ரப்பர் பட்டை. இரண்டு மாதத்தில் இரண்டு துண்டு பெயர்ந்து, போல்ட் மட்டும் தலை நீட்டிக்கொண்டிருக்கும். தெருவோரம் கால் மணி நேரம் நின்று பாருங்கள். கார் நின்று ஏறும். பைக்காரர்கள் ஏறுவதே இல்லை. மழைநீர் போகக் கால்வாய் ஓரம் விட்டிருக்கும் ஒரு அடி இடைவெளிக்குள் வண்டியை நுழைத்து அப்படியே போவார்கள். உங்கள் மாமியார் நடப்பதும் அந்த ஒரு அடியில்தான். வேகத்தடை கேட்கும்போது இந்த ஓரத்தையும் எழுத்தில் கேளுங்கள். இரும்புக் கம்பம் ஒன்று நட்டாலே பைக் அங்கே வராது. கூட்டத்தில் யாராவது ‘நாமே நாலு மூட்டை சிமெண்ட் வாங்கிப் போட்டுவிடலாம்’ என்றால் எழுந்து நின்று தடுத்துவிடுங்கள். அதில் விழுந்து ஒருவர் தலை உடைந்தால் பழி மாநகராட்சிக்குப் போகாது.

துணிக்கடை, நகைக்கடை பெயர் போட்ட தடுப்பு வாங்கித் தருகிறேன் என்றும் ஒருவர் வருவார். தடுப்பு விளம்பரத்துக்காக வருகிறது, எங்கே வைத்தால் அந்தப் பெயர் நன்றாகத் தெரியுமோ அங்கேதான் நிற்கும். நடப்பவருக்கு அதைச் சுற்றிப் போவதே இன்னொரு வேலை.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. மாமியாரை இடித்ததற்குப் புகார் கொடுக்கவில்லை என்கிறீர்கள். அந்தப் பையன் நல்ல பையனாகவே இருக்கட்டும், செலவும் கொடுத்துவிட்டான். ஆனால் காவல்துறை கணக்கில் உங்கள் தெருவில் விபத்தே நடக்கவில்லை. ஐஐடி மெட்ராஸ் உருவாக்கிய தேசிய விபத்துத் தரவுத்தளத்தில் விபத்தை இடத்தோடு பதிவு செய்ய வசதி இருக்கிறது. நாம் கொடுக்காததை அது எப்படிக் காட்டும்? மனு கொடுக்கும் நாளில் அதிகாரி கணினியைப் பார்த்து, ‘இங்கே விபத்து எதுவும் இல்லையே அம்மா’ என்பார். சட்டப்படி அவர் சொல்வதில் தவறில்லை, அதுதான் எரிச்சல். இனி யாருக்காவது அடிபட்டால், மருத்துவமனையில் விபத்து என்று சொல்லியே சேருங்கள், விபத்துப் பதிவேட்டில் ஏறட்டும். ‘வழுக்கி விழுந்தார்’ என்று மாற்றிச் சொல்ல வைப்பதற்கென்றே வாசலில் ஆள் நிற்பான், கேட்காதீர்கள். மாமியாருடைய எக்ஸ்ரே, வைத்திய ரசீது, தேதியோடு ஒரு கடிதம் எழுதி மனுவோடு இணையுங்கள். தாமதமானாலும் ஒன்றுமில்லாததற்கு அது மேல்.

மனுவை இரண்டு இடத்தில் கொடுங்கள். பலகையும் நேரக் கட்டுப்பாடும் போக்குவரத்துக் காவல் உதவி ஆணையர் அலுவலகத்தில். வேகத்தடையும் நடைபாதையும் மாநகராட்சியின் 11ஆம் மண்டல அலுவலகத்தில். ஒரு இடத்தில் கொடுத்தால் அது மற்றவர் வேலை என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள், இது அங்கே நாள்தோறும் நடக்கும் விளையாட்டு. இரண்டிலும் மற்றதன் நகலை இணைத்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். ஏற்பு முத்திரை இல்லாமல் வெளியே வராதீர்கள். நடைபாதையைப் பற்றி எழுதும்போது, நடப்பவர்களுக்கு நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லியிருப்பதைக் குறிப்பிடுங்கள். சென்னை மாநகராட்சி 2014இலேயே நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை என்று கொள்கை அறிவித்த மாநகராட்சி. காகிதத்தில் நமக்கு என்றைக்கும் குறை இருந்ததில்லை.

முப்பது நாளில் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். இதற்கும் ‘எழுதித் தர 500’ என்று கேட்பவர் இருக்கிறார், வேண்டாம். ‘ஏன் நடவடிக்கை இல்லை?’ என்று கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆவணத்தைக் கேளுங்கள்: என் மனு மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகல், இந்தத் தெருவில் மூன்று ஆண்டுகளில் பதிவான விபத்துகளின் எண்ணிக்கை, தெருவில் இப்போது இருக்கும் பலகைகளுக்கான உத்தரவு நகல். அதற்கும் முப்பது நாளில் பதில் வரவில்லை என்றால் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை.

கடைக்காரர் புகார் இன்னும் நிலையத்தில் இருக்கும். டிரம்மை எடுத்த அன்றே, எடுத்துவிட்டோம் என்று தேதியோடு ஒரு கடிதம் சங்கத்தின் பெயரில் ஆய்வாளரிடம் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த 1,500 ரூபாயை யாராவது ஏற்கெனவே கொடுத்திருந்தால், ரசீது கேட்டு வாட்ஸ்அப்பில் எழுத்தில் ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் மறுநாளே பணம் திரும்பி வந்துவிடும்.