கோவில் கூரையில் சோலார், பணத்துக்கு என்ன வழி? – கேள்வி பதில்

அமெரிக்காவில் கோவில், தேவாலயம், தமிழ்ப் பள்ளி, முதியோர் மையம் நடத்துகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. கட்டடங்களின் மின்செலவைத் தணிக்கை செய்வது என் தொழில். வரி பற்றிச் சொல்வது பொதுவான வழிகாட்டல்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் உங்கள் சிபிஏவிடம் (கணக்காளரிடம்) காட்டிவிடுங்கள்.

நியூ ஜெர்சி, கோவில் பொருளாளர்: நாங்கள் வரியே கட்டுவதில்லை. சோலார் செலவில் 30% வரிச் சலுகை என்கிறார்களே, அது எங்களுக்கு எப்படிப் பொருந்தும் சார்?

2022 வரை பொருந்தாது. அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த பணவீக்கக் குறைப்புச் சட்டம்தான் கதவைத் திறந்தது. வரி கட்டாத 501(சி)(3) அமைப்பும், அதாவது வரிவிலக்கு பெற்ற அறநிறுவனமும், அந்தச் சலுகையைப் பணமாகவே வாங்கலாம். ‘டைரக்ட் பே’ என்பார்கள். நீங்கள் அந்தத் தொகையை ஏற்கெனவே வரியாகக் கட்டிவிட்டதாகக் கணக்கு வைத்து, ஐஆர்எஸ் (மத்திய வரித் துறை) அதைத் திருப்பித் தரும்.

50 கிலோவாட் அமைப்புக்கு 1,50,000 டாலர் ஆகிறது என்று வையுங்கள். 45,000 திரும்ப வரும். ஆனால் எப்போது? பேனல் ஓட ஆரம்பித்த பிறகு ஐஆர்எஸ் தளத்தில் பதிவு செய்து ஒரு எண் வாங்க வேண்டும். பிறகு 990-டி வரிப் படிவத்தோடு 3800, 3468 என்ற படிவங்கள் இரண்டையும் இணைத்துத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கப்புறம்தான் பணம். கான்ட்ராக்டரோ வேலை முடிந்த அன்றே முழுத் தொகையும் கேட்பார். இடையில் அந்த 45,000-ஐ யார் தாங்குவது? நிர்வாகக் குழு முதலில் பேச வேண்டியது இதைத்தான். உள்ளூர் கிரெடிட் யூனியனில் ஓராண்டுக் கடன், அல்லது பக்தர்களிடம் வட்டியில்லாக் கைமாற்று, இரண்டில் ஒன்றை முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

வழிபாட்டுத் தலங்கள் வழக்கமாக ஆண்டுப் படிவம் 990 தாக்கல் செய்ய வேண்டியதில்லை. இந்தப் பணம் வேண்டுமென்றால் 990-டி கட்டாயம், அதுவும் கெடுவுக்குள். தவறவிட்டுப் பிறகு திருத்திய படிவத்தில் கேட்டால் கிடைக்காது.

ஹூஸ்டன்: 30% முடிந்துவிட்டது என்கிறார்களே அண்ணா?

முடியவில்லை, ஆனால் வாசல் குறுகிவிட்டது. 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான புதிய சட்டப்படி, சோலார் வேலை 2026 ஜூலை 4-க்குள் தொடங்கியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு தொடங்கினால் 2027 டிசம்பர் 31-க்குள் ஓட ஆரம்பித்துவிட வேண்டும்.

வரைபடம் போட்டது, பெர்மிட் வாங்கியது எல்லாம் ‘தொடங்கியது’ ஆகாது. கூரையில் பேனல் தாங்கும் சட்டகம் பொருத்துவது போன்ற நிஜமான வேலை நடந்திருக்க வேண்டும். 1.5 மெகாவாட்டுக்கு மேற்படாத அமைப்புக்கு இன்னொரு வழி உண்டு: மொத்தச் செலவில் 5% மெய்யாகவே செலவாகியிருந்தால் போதும். அட்வான்ஸ் செக் கொடுத்த ரசீதை மட்டும் நம்ப வேண்டாம். அது செல்லுமா என்று சிபிஏ எழுத்தில் சொல்லட்டும்.

2026-இல் தொடங்கும் வேலைக்குச் சீனா உள்ளிட்ட சில நாடுகளின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களின் சாமானுக்கு வரம்பு வைக்கும் விதியும் சேர்ந்துவிட்டது. பேனல், இன்வெர்ட்டர் சப்ளையரிடம் சான்றுக் கடிதம் வாங்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

டாலஸ்: என் வீட்டுக்கும் இது கிடைக்குமா?

வீட்டு உரிமையாளருக்கான சலுகை 2025-ஓடு முடிந்தது. இந்தப் பகுதி அமைப்புகளுக்கானது.

வர்ஜீனியா, தமிழ்ப் பள்ளி: அரசுப் பள்ளியில் வார இறுதியில் வகுப்பறை வாடகைக்கு எடுக்கிறோம். நாங்கள் என்ன செய்யலாம்?

கட்டடமும் உங்களுடையதில்லை, மின்பில்லும் உங்கள் பெயரில் இல்லை. உங்களுக்குச் சோலார் பொருந்தாது. கையில் உள்ள பணத்தைப் புத்தகத்துக்கும் ஆசிரியர்களுக்கும் செலவிடுங்கள்.

பென்சில்வேனியா, கோவில்: மாத பில் 4,000 டாலர். எத்தனை பேனல் போட்டால் பூஜ்யம் ஆகும்?

இந்தக் கேள்விக்காகவே இங்கே உட்கார்ந்தேன். பில்லின் இரண்டாம் பக்கத்தைத் திருப்புங்கள். ‘கேடபிள்யூஎச்’ என்று ஒரு வரி, ‘கேடபிள்யூ’ என்று இன்னொரு வரி இருக்கும். முதலாவது நீங்கள் செலவழித்த யூனிட். இரண்டாவது டிமாண்ட்: மாதத்திலேயே மிக அதிகமாக மின்சாரம் இழுத்த அந்த ஒரு சிறு இடைவெளி, பெரும்பாலும் 15 நிமிடம். அதற்குத் தனிக் கட்டணம்.

கோவிலில் அந்த 15 நிமிடம் எப்போது வரும்? சனிக்கிழமை மாலை ஆறரை மணி. மண்டபத்தில் கல்யாண வரவேற்பு, மடப்பள்ளியில் மின் அடுப்பு, ஏசி முழு வேகத்தில். அப்போது பேனலுக்கு வெயில் சாய்ந்திருக்கும். யூனிட் குறையும், டிமாண்ட் அப்படியே நிற்கும். பில் பூஜ்யம் ஆகாது. ஆகும் என்று விற்க வருகிறவரிடம் டிமாண்டையும் சேர்த்து மாதவாரியாகக் கணக்கு கேளுங்கள்.

முதல் வேலை: எல்இடி, கதவிடுக்கு அடைப்பது, ஏசி யூனிட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பாதபடி கன்ட்ரோல். இவற்றுக்குப் பல மின் நிறுவனங்கள், சிறு வணிகத் திட்டத்தின் கீழ், லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கும் ரிபேட் (செலவில் ஒரு பகுதியைத் திருப்பி) தருகின்றன. மாநிலவாரியாகத் தேட வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் நடத்தும் ‘டிசயர்’ தளம் போதும். செலவுக் கணக்கு வைக்க அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டம் தரும் ‘போர்ட்ஃபோலியோ மேனேஜர்’ என்ற இணையக் கருவி இலவசம். இதையெல்லாம் செய்தபின் எத்தனை பேனல் என்று கேளுங்கள், எண்ணிக்கை குறைந்திருக்கும்.

அட்லாண்டா: 30% இன்னும் இருக்கிறதா?

மேலே ஹூஸ்டனுக்குச் சொன்ன பதில்.

சிகாகோ, தேவாலயம்: மாநில உதவி ஏதாவது?

உங்களுக்கு நல்ல வாய்ப்பு. ‘இல்லினாய் சோலார் ஃபார் ஆல்’ திட்டத்தில் லாப நோக்கமற்ற கட்டடங்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள். ஆனால் கூரைக்கு எத்தனை வயது? ஏன் கேட்கிறேன் என்பது கீழே ஒஹாயோ பதிலில்.

வட கரோலினா: பிபிஏவில் (நிறுவனம் நம் கூரையில் பேனல் போட்டு மின்சாரத்தை நமக்கே விற்கும் ஒப்பந்தம்) ஒரு காசு போட வேண்டாம் என்கிறார்கள். பிறகு ஏன் கடன் வாங்கிச் சொந்தமாகப் போட வேண்டும்?

முதலில் ஒன்று: மூன்றாம் நபர் பேனல் போட்டு மின்சாரம் விற்க எல்லா மாநிலமும் அனுமதிப்பதில்லை. உங்கள் மாநிலத்தில் குத்தகைதான் வழக்கம். எதுவானாலும் பேனல் நிறுவனத்துடையது, 30%-உம் அவர்களுக்கே. ஆண்டு ஏற்றத்தைப் பாருங்கள். யூனிட் 11 சென்ட்டில் ஆரம்பித்து ஆண்டுக்கு 2.9% ஏறினால் 25-ஆம் ஆண்டில் கிட்டத்தட்ட 22 சென்ட்.

அதே உறுப்பினர்: எங்கள் கமிட்டி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாறும். இன்வெர்ட்டர் நின்றுபோனால் கவனிக்க ஆள் கிடையாது. நிறுவனத்துடையது என்றால் அவர்கள் ஓடிவருவார்கள்.

நியாயமான வாதம். யாருமே பார்க்காத சொந்த சோலாரைவிட நன்றாகப் பராமரிக்கப்படும் பிபிஏ மேல்.

மிச்சிகன் (குறுக்கிட்டு): ஓடிவருவார்களா? எங்கள் கூரையில் இருப்பது அவர்களுடையதுதான். மூன்று மாதம் நின்றது. நாங்கள் அழைத்த பிறகுதான் அவர்களுக்கே தெரிந்தது!

ஒப்பந்தத்தில் உற்பத்தி உத்தரவாதம் இல்லாவிட்டால் அப்படித்தான் நடக்கும். ஆண்டுக்கு இத்தனை யூனிட், குறைந்தால் இத்தனை டாலர் நஷ்டஈடு என்று எழுதி வாங்குங்கள். ஐந்தாறு ஆண்டுக்குப் பின் சந்தை விலையில் வாங்கிக்கொள்ளும் உரிமையும் வேண்டும். சொந்தமாகப் போடுகிறவர்கள் இன்வெர்ட்டர் மாற்ற ஆண்டுதோறும் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போடுங்கள். பத்துப் பதினைந்து ஆண்டில் அந்தச் செலவு வரும்.

என் கருத்தைக் கேட்டால்: கடன் கிடைக்கும், கணக்கு பார்க்க ஒருவர் இருக்கிறார் என்றால் சொந்தமாகப் போடுங்கள். பிபிஏதான் ஒரே வழி என்ற காலம் 2022-ஓடு போய்விட்டது.

கலிஃபோர்னியா: ஒரு பக்தர் முழுச் செலவையும் தருகிறேன் என்கிறார். 30%-உம் வாங்கலாமா?

அவர் ‘சோலாருக்கு மட்டும்’ என்று நிபந்தனையோடு தந்தால், அந்தப் பணமும் சலுகையும் சேர்ந்து செலவைத் தாண்டக் கூடாது. தாண்டும் அளவுக்குச் சலுகை வெட்டப்படும். முழுச் செலவும் அப்படி வந்தால் உங்களுக்குச் சலுகையாக ஒன்றும் மிஞ்சாது. பொது நிதிக்கு வந்த நன்கொடைக்கு இந்த விதி இல்லை. நன்கொடைக் கடிதம் எழுதும் முன் பேசுங்கள். உங்கள் மாநிலத்தில் 2023 ஏப்ரலுக்குப் பிறகு கிரிட்டுக்குக் கொடுக்கும் யூனிட்டுக்கு விலை குறைவு. பேட்டரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஒஹாயோ: கான்ட்ராக்டர் புதுக் கூரையும் 30%-இல் சேரும் என்கிறார்.

பொதுவாகச் சேராது. ஆனால் கூரை பழையதென்றால் முதலில் அதை மாற்றுங்கள். பேனல் 25 ஆண்டு உழைக்கும். பத்தாம் ஆண்டில் எல்லாவற்றையும் கழற்றி, கூரை போட்டு, மறுபடி மாட்டும் செலவு உங்கள் சேமிப்பைத் தின்றுவிடும்.

சியாட்டில்: 30% எங்களுக்கும்...?

ஹூஸ்டன் பதில். உங்களுக்காக ஒரு தேதி மட்டும் சேர்க்கிறேன்: காலண்டர் ஆண்டுக் கணக்கு வைத்திருந்து 2026-இல் பேனல் ஓட ஆரம்பித்தால், 990-டி கெடு 2027 மே 15. அது சனிக்கிழமை என்பதால் திங்கள் 17 வரை. பதிவு எண்ணுக்குக் குறைந்தது 120 நாள் முன்பே விண்ணப்பிக்கச் சொல்கிறது ஐஆர்எஸ்; அதாவது ஜனவரி நடுப்பகுதி. பொங்கல் விழா வேலையில் இது விடுபட்டுப் போகாமல் ஒருவரை இப்போதே நியமியுங்கள்.