மாந்தோப்புப் பத்திரம் மஞ்சள் பையிலேயே இருக்கட்டும், அண்ணா

போன ஞாயிற்றுக்கிழமை வேப்பனஹள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம், மகள் மேலே என்ன படிக்கலாம் என்று கேட்டு என்னிடம் வந்தது. அப்பா, அம்மா, பிளஸ் டூவில் வணிகவியல் முடித்த மகள், கூடவே பெங்களூரில் வேலை பார்க்கும் தாய்மாமா. பாப்பாவுக்கு ஆபீஸ் நிர்வாக வேலைக்குப் போக ஆசை. “அது கிளார்க் வேலைம்மா. மேனேஜர் ஆகணும்னா பெங்களூர்ல பிபிஏ, அப்புறம் எம்பிஏ” என்றார் மாமா. கட்டணம், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து 3 வருஷத்துக்கு 9 லட்சம் என்று ஒரு தாளில் எழுதியே கொண்டுவந்திருந்தார். மாந்தோப்புப் பத்திரம் அப்பாவின் மஞ்சள் பையில் இருந்தது. “பயப்படாதீங்க, நல்லா வந்துடுவா” என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து அந்தப் பை கண்ணிலேயே நிற்கிறது. சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன்.

அண்ணா, அந்தப் பத்திரத்தை எங்கும் அடமானம் வைக்காதீர்கள். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுவாக வங்கி பிணை கேட்கும். பிணை என்றால் உங்களிடம் இருப்பது அந்தத் தோப்பு ஒன்றுதான். காய்ப்பு ஒரு வருஷம் ஏமாற்றினாலும் வட்டி ஏமாற்றாது. மாமா பாப்பாவின் நல்லதுக்குத்தான் சொல்கிறார். ஆனால் கடன் அவர் பெயரில் இல்லை.

சிஏ, வங்கித் தேர்வு, குரூப் 4 பற்றி ஊரில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் சேர்க்க ஒன்றுமில்லை. பாப்பா கேட்ட வேலையைப் பற்றித்தான் யாரும் சொல்லவில்லை.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஷிப்ட் காலை 6 மணிக்கு. கிருஷ்ணகிரியிலிருந்து வரும் ஆள் வண்டி சூளகிரியில் பஞ்சராகி நின்றால், 5.30 மணிக்கு முதல் போன் அட்மினுக்கு, அதாவது நிர்வாகப் பிரிவில் இருப்பவருக்குத்தான் வரும். மாற்று வண்டி, கேன்டீனில் எத்தனை பேருக்கு டிபன், வாசலில் செக்யூரிட்டி ஆள் குறைவு, ஜெனரேட்டருக்கு டீசல் எல்லாம் அந்த மேசையில்தான் வந்து விழும். தீயணைப்புத் துறைச் சான்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு, கேன்டீனின் உணவு உரிமம் ஆகியவை எந்தத் தேதியில் முடிகின்றன என்று ஒரு காலண்டர் வைத்திருப்பவரும் அவர்தான். ஒன்று தவறினாலும் ஆய்வுக்கு வரும் அதிகாரி முன்னால் கம்பெனியே கைகட்டி நிற்கும்.

ஒப்பந்தக்காரரின் பில்லைப் பாஸ் செய்வது இன்னும் நுணுக்கமான வேலை. துப்புரவு ஒப்பந்தக்காரர் 32 பேருக்குப் பில் போடுகிறார் என்று வையுங்கள். வருகைப் பதிவேட்டில் 32 பேரும் இருக்கிறார்களா, போன மாத பிஎஃப் (சேமநிதி), இஎஸ்ஐ (மருத்துவக் காப்பீடு) கட்டிய சலானோடு வரும் பட்டியலில் அதே 32 பெயர்களும் இருக்கின்றனவா என்று வரிவரியாக ஒத்துப் பார்க்க வேண்டும். ஒப்பந்தக்காரர் கட்டாமல் விட்டால் பொறுப்பு கம்பெனி தலையில் விழும். 29 பெயர்தான் இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற கண் வேண்டும். பெருக்கித் துடைக்கும் 3 அம்மாக்களின் வைத்தியச் செலவும் சேமிப்பும் அந்தக் கண்ணில்தான் இருக்கிறது. இதைக் கிளார்க் வேலை என்று தள்ளுவதை என்னால் ஏற்க முடியாது.

பாப்பாவுக்கு அந்தக் கண் இருக்கிறது. அவள் காட்டிய நீல ஃபைலை நீங்கள் யாரும் திறந்து பார்க்கவில்லை. மாங்கூழ் ஆலைக்கு நீங்கள் ஏற்றிய பெங்களூரா ரக மாங்காய் லோடு ஒவ்வொன்றின் எடைச் சீட்டும் தேதிவாரியாகக் குத்தி வைத்திருக்கிறாள். கழிவு எவ்வளவு பிடித்தார்கள், பணம் எப்போது வந்தது எல்லாம் பக்கத்திலேயே பென்சிலில். இரண்டு லோடுக்குப் பணம் வரவில்லை என்று சொன்னதே அவள்தானாமே? வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், சந்தையில் கன்னடம். ஓசூரில் ஆட்களை வைத்து வேலை வாங்க இதைவிட என்ன வேண்டும்?

வழி இதுதான். கிருஷ்ணகிரி அரசு மகளிர் கலைக் கல்லூரியில் பி.காம். வருஷக் கட்டணம் உங்கள் ஒரு லோடு மாங்காய்ப் பணத்தைக்கூடத் தொடாது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். கல்லூரி முடிந்து வரும் வழியில் தட்டச்சு நிலையம். ஆங்கிலத்தில் இளநிலை நிமிடத்துக்கு 30 வார்த்தை, முதுநிலை 45. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தேர்வு வைக்கிறது. இளநிலை முடிந்ததும் சிஓஏ என்கிற கணினி அலுவலகச் சான்றிதழ். கூடவே எக்ஸெல்லைக் கை பழகும்வரை விடக் கூடாது.

டிகிரி கையில் வந்ததும் நாட்ஸ் என்கிற மத்திய அரசின் அப்ரண்டிஸ் பயிற்சித் திட்ட இணையதளத்தில் பதிந்து, ஒரு வருஷ அப்ரண்டிஸாக ஒரு தொழிற்சாலையின் அட்மின் பிரிவுக்குள் நுழைய வேண்டும். இது இன்ஜினீயரிங் படித்தவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பி.காம் முடித்தவர்களும் சேரலாம், உதவித்தொகையும் உண்டு.

ஒன்றை மறைக்க மாட்டேன். முதல் மூன்று வருஷம் சம்பளம் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. உதவியாளராக உட்கார்ந்து, எக்ஸிகியூட்டிவ் ஆகி, மேனேஜர் மேசைக்கு வர எட்டு, பத்து வருஷம் பிடிக்கும். எம்பிஏ படித்து வருகிறவருக்கும் வண்டி பஞ்சரான காலைகளும் பில்லில் விட்டுப்போன பெயர்களும் பழகித்தான் ஆக வேண்டும். எம்பிஏ வேண்டுமென்றால் வேலையில் இருந்துகொண்டே, தன் சம்பளத்தில், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் அவள் படிக்கட்டும்.

அரசுக் கல்லூரி விண்ணப்பத்தைத் தேதி முடிவதற்குள் ஆன்லைனில் போட்டுவிடுங்கள். அடுத்த முறை வரும்போது பாப்பா பேசட்டும், நாம் கேட்போம். மாமாவும் வரட்டும், ஆனால் அந்த நீல ஃபைலை ஒரு தடவை புரட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.