சோளத்தின் களைக்கொல்லியை நானோ உறைக்குள் அடைக்க இயலுமா?

கேள்வி: சோளம் விதைத்த நிலத்தில் களை குறைவாகவே முளைக்கிறது. அதன் வேரில் கசியும் பொருளே காரணம் என்கிறார்கள். நானோ தொழில்நுட்பத்தின் உதவியால் அதை இயற்கைக் களைக்கொல்லியாகத் தெளிக்க இயலுமா?
– வாசகர் ஒருவர், உடுமலைப்பேட்டை

பதில்: தாங்கள் கவனித்தது சரியே. சோளத்தின் வேர்த்தூவிகள் எண்ணெய்த் துளிகளாகக் கசியவிடும் அப்பொருளின் பெயர் சோர்கோலியோன், 1986-இல் பிரித்தறியப்பட்டது. அட்ரசின் என்னும் களைக்கொல்லி மருந்து ஒளிச்சேர்க்கையைத் தடுக்கும் அதே இடத்தில்தான் இதுவும் தடுக்கிறது. ஆனால், சிறு விதைகளிலிருந்து அப்போதுதான் முளைத்த களைகளே இதற்கு எளிதில் மடிகின்றன. வளர்ந்த செடியின் வேர்வழியே இலைக்கு ஏறும் ஆற்றல் இதற்கு இல்லை.

இயற்கைப் பொருள்கள் வயலில் ஏமாற்றுவதற்கு வீரியக் குறைவு மட்டுமே காரணம் அன்று. சோர்கோலியோன் நீரில் கரைவதில்லை. கிராம்பு எண்ணெய் போன்றவையோ தெளித்த பின் காற்றில் ஆவியாகிவிடுகின்றன. நானோ தொழில்நுட்பம் உதவக்கூடிய இடம் இதுதான். இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசானையோ, மக்காச்சோளப் புரதமான சீன் என்பதையோ கொண்டு, சில நூறு நானோமீட்டர் அளவே உள்ள நுண்ணுறைகளை உருவாக்கி (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர்) மருந்தை உள்ளே அடைத்தால், அது நீரில் சீராகப் பரவுவதோடு, ஆவியாகாமல் சிறிது சிறிதாக வெளிப்படவும் செய்யும். பிரேசில் ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், நானோ உறையிட்ட அட்ரசின், பத்தில் ஒரு பங்கு அளவிலேயே கடுகுச் செடிகளை வழக்கமான மருந்துக்கு நிகராகக் கட்டுப்படுத்தியது. அட்ரசின் செயற்கை மருந்துதான்; எனினும் உறையின் பயனை அறிய அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

உறை, மருந்தின் குணத்தை மாற்றிவிடாது என்பதை மட்டும் விற்பனையாளர்கள் சொல்லமாட்டார்கள். பயிர் எது, களை எது என்று கிராம்பு எண்ணெய் பார்ப்பதில்லை. கத்தரி இலையில் பட்டால் அதையும் கருக்கும். கோரையின் தழை கருகினாலும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு மீண்டும் துளிர்க்கும். மேலும், குறைந்த அளவிலேயே செடிக்குள் புகும் பொருள் மண்ணுயிர்களுக்குள்ளும் புகக்கூடும் என்பதால், இயற்கை என்ற பெயருக்காகச் சோதனையைத் தளர்த்தக்கூடாது. நானோ வேளாண் இடுபொருள்களை மதிப்பிடுவதற்கான வழிகாட்டுதல்களை இந்திய அரசும் 2020-இல் வெளியிட்டுள்ளது.

தங்கள் தோட்டத்துக்கு இப்போதைக்கு எளிய வழி, மாட்டுக்குப் போக மிஞ்சும் சோளத்தட்டையை நறுக்கி, வளர்ந்த பயிரின் வரிசைகளுக்கிடையே மூடாக்காக இடுவதே. அந்த இடத்தில் உடனடியாகக் கீரை விதைக்க வேண்டாம். அதன் விதையும் சிறியதுதானே.