பழைய பிரம்பு நாற்காலி: பின்னலா, சட்டமா?

கேள்வி: மண்டபத்தில் கடலை ஒட்டி வீடு. முன் தாழ்வாரத்துக்குப் பழைய பிரம்பு நாற்காலி நான்கும் ஒரு ஈஸி சேரும் வாங்க ஆசை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பார்த்தோம். பின்னல் நன்றாக இருப்பவை விலை கூடுதல். பின்னல் கிழிந்தவையும் பிளாஸ்டிக் வயர் போட்டவையும் அதில் பாதிதான். எதை எடுப்பது? உப்புக்காற்றைத் தாங்குமா?
– வாசகி, மண்டபம்

பதில்: சட்டம் உறுதியாக இருந்தால் கிழிந்ததையே எடுங்கள். பின்னல் எப்படியும் ஒருநாள் மாற்ற வேண்டியதுதான். புதுப்பின்னலும் பாலிஷுமாகப் பளபளப்பவற்றில் அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. கிழிந்தது தன் குறையை மறைப்பதில்லை.

தேக்குச் சட்டத்தில் பிரம்பு பின்னியதுதான் உங்கள் தாழ்வாரத்துக்குச் சரி. காலும் கையும் பிரம்பாலேயே ஆனதில் மூட்டுகளைச் சுற்றியிருக்கும் பிரம்புத் தோலுக்குள் பெரும்பாலும் இரும்பு ஆணிதான் இருக்கும். உப்புக்காற்றில் அது துருப்பிடித்து உப்பி, பிரம்பைப் பிளந்துவிடும். அந்த வகையை ஹாலுக்குள் போட்டுக்கொள்ளலாம்.

நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். உட்காரும் சட்டத்தைச் சுற்றிச் சுமார் அரை அங்குல இடைவெளியில் துளைகள் இருந்தால் கையால் பின்னியது. துளைக்குப் பதில் சுற்றிலும் காடி (நீளப் பள்ளம்) வெட்டி, முன்பே பின்னிய பிரம்புத் தகட்டைப் பசை வைத்து அழுத்தியிருந்தால் ஈரக்காற்றில் பசை விட்டுப்போகும். துளை உள்ளதையே தேடுங்கள். முன்பக்கச் சட்டத்தில்தான் பாரம் அதிகம் விழும். அங்கே ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்குக் கீறல் ஓடினால் விலை பேசவே வேண்டாம். வயர் போட்டவற்றில் துளையைக் குடைந்து பெரிதாக்கியிருப்பார்கள். கால் அங்குலத்துக்கு மேல் போயிருந்தால் பிரம்பு பிடித்து நிற்காது.

முதுகுச் சட்டத்தையும் முன்காலையும் பிடித்துத் திருகிப் பாருங்கள். லேசாக ஆடினால் ஆசாரி மூட்டைக் கழற்றிப் பசை போட்டுவிடுவார். மூட்டைச் சுற்றிக் கறுப்புக் கறை தெரிந்தால் யாரோ ஆணி அடித்திருக்கிறார்கள், அந்த வேலைக்கும் சேர்த்து விலையைக் குறையுங்கள். ஆணியை மாற்றும்போது உப்பைத் தாங்கும் 316 ரக எவர்சில்வர் திருகாணி போடச் சொல்லுங்கள்.

குண்டூசித் துளைகள் இருந்தால் தட்டிப் பாருங்கள். கோதுமை மாவு போலப் பொடி கொட்டினால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கலாம். தேக்கின் வைரத்தை, அதாவது நடுவிலுள்ள கெட்டி மரத்தை, அது அவ்வளவாகத் தொடாது. வெளிர்நிற வெள்ளை மரத்தையும் பிரம்பையும்தான் தின்னும். சந்தேகமிருந்தால் வீட்டுக்குள் கொண்டுபோகாமல் கறுப்புத் தாள் விரித்து இரண்டு வாரம் அதன்மேல் நிறுத்துங்கள். புதிதாகப் பொடி விழுந்தால் கண்ணில் படும்.

பின்னக் கொடுக்கும்போது எண்கோணக் கண் வரும் பின்னலையே கேளுங்கள். நீளவாட்டில் இரண்டு, அகலவாட்டில் இரண்டு, மூலைக்கு மூலை இரண்டு, கடைசியில் துளைகளை மறைக்கும் ஓரக்கட்டு என்று ஏழு ஓட்டம் வேண்டும். நீளத்திலும் அகலத்திலும் இழைகள் ஜோடி ஜோடியாக இல்லாவிட்டால் பிரம்பை மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பார்வையற்றோர் பலர் முறையாகப் பயின்று செய்யும் தொழில் இது. விசாரித்தால் நல்ல கை கிடைக்கும். பின்னியது பிரம்புதானா என்று பார்க்க, நீட்டிக்கொண்டிருக்கும் முனை ஒன்றைத் தீயில் காட்டுங்கள். பிரம்பு கருகும், பிளாஸ்டிக் உருகும். ஈரப் பிரம்பில் பின்னுவதால் காயக் காயத்தான் இறுகும். ஒரு முழுநாள் யாரையும் உட்கார விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காயாமல் பூசணம் பூக்கும். தை பிறந்ததும் கொடுங்கள்.

பின்னலின் அடிப்பக்கத்தில் வார்னிஷ் அடிக்க விடாதீர்கள். மேல்தோல் நீரை இழுக்காது, அடிப்பக்கம்தான் இழுக்கும். பின்னல் தொய்ந்தால் வெந்நீரில் பிழிந்த துணியை அடியில் ஒற்றி, நிழலில் ஓர் இரவு விட்டால் மறுபடி இறுகும். இழை அறுந்திருந்தால் இது பலிக்காது. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் உப்பைத் துடையுங்கள். இந்தப் பக்கக் காற்றுக்கு அது கட்டாயம்.

ஈஸி சேரில் பக்கச் சட்டத்தின் வளைவைக் கவனியுங்கள். நேர்ப் பலகையிலிருந்து அறுத்த வளைவில் ரேகை குறுக்கே ஓடும், விரிசல் அங்கேதான் தொடங்கும். முதுகும் இருக்கையும் ஒரே நீளப் பின்னல் என்பதால் பின்னுகூலி மற்ற நாற்காலியைப்போல இரண்டு மூன்று மடங்கு வரும். அதைக் கணக்கில் வைத்துக்கொண்டே விலை பேசுங்கள்.