வாசகர் கேள்வி பதில்: சீட்டில் யார் பெயர்?

கோடை விடுமுறையை ஒட்டி வந்த கடிதங்களில் ஐந்து, அறிவியல் புனைகதை மாந்தர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து விளையாடுவதையும் எழுதுவதையும் பற்றியவை. அவற்றுக்கு இங்கே ஒன்றாகப் பதில் தருகிறேன்.

கேள்வி: என் மகளின் பிறந்தநாளுக்கு அவளோடு சேர்த்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கூடுகிறார்கள். ஆளுக்கொரு அறிவியல் புனைகதைப் பாத்திரத்தைக் கொடுத்து வேடமிட்டு வரச் சொல்லலாம் என்று 30 பெயர்களைக் கைப்பேசிச் செயலி ஒன்றில் இட்டு, ஒவ்வொரு பிள்ளைக்காகவும் ஒரு பெயரை எடுத்தேன். மூன்று முறை முயன்றும் யாராவது இருவருக்கு ஒரே பெயர் வந்துவிடுகிறது. செயலியில் பழுதா?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: பழுது இல்லை. உங்கள் செயலி ஒரு பெயரை எடுத்த பிறகு அதைத் திரும்பவும் மற்ற பெயர்களோடு கலந்துவிட்டுத்தான் அடுத்த பெயரை எடுக்கிறது. அப்படி எடுக்கும்போது இரண்டாவது பிள்ளைக்கு வரும் பெயர் முதல் பெயராக இருக்கக் கூடாது, மூன்றாவது பிள்ளைக்கு முதல் இரண்டும் வரக் கூடாது, பன்னிரண்டாவது பிள்ளைக்கு முன்வந்த பதினொன்றும் வரக் கூடாது என்று நிபந்தனைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகின்றன. கணக்கிட்டுப் பார்த்தால், 30 பெயர்களிலிருந்து இவ்வாறு 12 முறை எடுக்கையில் ஏதேனும் ஒரு பெயராவது திரும்ப வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 92. இருபத்து மூன்று பேர் கூடிய அறையில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு பாதிக்கும் சற்று மேல் என்று சொல்வதும் இதே கணக்குத்தான்.

எடுத்த சீட்டைத் திரும்பப் போடாமல் இருப்பதே இதற்குத் தீர்வு. செயலியைத்தான் பயன்படுத்த வேண்டுமென்றால், பட்டியல் முழுவதையும் ஒரே தடவையில் கலைத்து வரிசைப்படுத்தும் வசதி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கலைந்து வந்த வரிசையின் முதல் 12 பெயர்களை வரிசையாகக் கொடுத்துவிடலாம். எனக்கோ துண்டுச் சீட்டும் சொம்பும்தான் பிடித்தவை. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச்சபை வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) 30 குடும்புகளிலிருந்து, அதாவது ஊரின் பிரிவுகளிலிருந்து, ஆள் எடுத்த குடவோலை முறையை விவரமாகச் சொல்கிறது: பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலைத்து, எதுவும் அறியாத ஒரு பாலனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தக் கவனத்தை நாமும் கைக்கொள்ளலாம். சீட்டுகள் ஒரே அளவில் இருக்கட்டும், ஒரே மாதிரி மடிக்கப்படட்டும், வாய் குறுகிய பாத்திரத்தில் நன்றாகக் குலுக்கப்படட்டும், வீட்டின் மிகச் சிறிய பிள்ளை எடுக்கட்டும். சீட்டை எல்லார் கண்முன்னும் எடுப்பதால் யாருக்கும் ஐயமும் எழாது.

கேள்வி: பட்டியலில் யார் யாரைச் சேர்ப்பது? எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எழுதித் தந்த பெயர்களில் பெரும்பாலானவை இரண்டு ஆங்கிலப் படவரிசைகளிலிருந்தே வந்திருக்கின்றன.
(வாசகர், மதுரை)

பதில்: இந்தக் கேள்வியைத்தான் நான் எல்லாரிடமும் எதிர்பார்க்கிறேன். குலுக்கல் எத்தனை நேர்மையாக நடந்தாலும், 30 பெயர்களில் 25 இரண்டே படவரிசைகளைச் சேர்ந்தவை என்றால் எடுக்கும் ஒவ்வொரு சீட்டும் அவற்றிலிருந்தே வருவதற்கு ஆறில் ஐந்து பங்கு வாய்ப்பு உண்டு. குருட்டாம்போக்கில் எடுப்பதன் சுவை, நாம் தேடிப் போயிருக்க மாட்டாத ஒருவர் கைக்கு வருவதில்தான் இருக்கிறது. அப்படிப்பட்டவர்களைப் பட்டியலில் வைப்பது நம் பொறுப்பு.

கேப்டன் நெமோவைச் சேருங்கள். ஜூல் வெர்ன் 1870-இல் முடித்த கடலடிப் பயணக் கதையில் நெமோ எந்த நாட்டவர் என்பது மறைத்தே வைக்கப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து எழுதிய மர்மத் தீவுக் கதையில்தான் அவர் மத்திய இந்தியாவின் புந்தேல்கண்டைச் சேர்ந்த இளவரசர் டக்கர், திப்பு சுல்தானின் உறவினர், ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடித் தோற்றவர் என்பது தெரிய வருகிறது. இதை அறிந்த ஒரு பிள்ளை நெமோவாக வேடமிடும்போது மேல்நாட்டு மாலுமித் தொப்பியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அடுத்து, சகோதரி சாரா. வங்கத்தின் ரொக்கையா சகாவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905-இல் நம் சென்னையிலிருந்து வெளிவந்த ஒரு பெண்கள் இதழில்தான் முதலில் அச்சானது. பெண்கள் ஆளும் நாடு, சூரிய வெப்பத்தைச் சேமித்துப் பயன்படுத்தும் கருவிகள், மேகத்திலிருந்து நீரை இறக்கும் ஏற்பாடு ஆகியவற்றைக் கதைசொல்லிக்குக் கூட்டிச் சென்று காட்டுபவர் சாரா. நூற்றிருபது ஆண்டுகள் ஆகியும் இந்தப் பாத்திரத்தை நம் பிள்ளைகள் அறியாமல் இருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. சத்யஜித் ராய் 1961-இல் படைத்த பேராசிரியர் ஷங்குவையும், நியூட்டன் என்னும் அவருடைய பூனையையும் இரண்டு தனிச் சீட்டுகளாக எழுதலாம். தமிழில் சுஜாதாவின் இயந்திர நாய் ஜீனோவும், 2010-இல் திரைக்கு வந்த சிட்டியும் இல்லாமல் பட்டியல் நிறைவடையாது.

காரல் சாபெக்கின் ரோபோக்களைப் பற்றி ஒரு சொல். 'ரோபோ' என்ற சொல்லே அவர் 1920-இல் எழுதிய செக் மொழி நாடகத்திலிருந்து உலகெங்கும் பரவியது. அதன் வேரான 'ரொபோட்டா' என்பது கட்டாய உழைப்பைக் குறிக்கும். நம் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி' என்ற கூலியில்லா உழைப்புக்கு மிக நெருக்கமான சொல். அந்த நாடகத்து ரோபோக்கள் உலோகத்தால் ஆனவை அல்ல. மனிதரைப் போலவே தோற்றமளிக்கும் உயிர்ப்பொருளால் செய்யப்பட்டவை. எனவே இந்தச் சீட்டு வந்த பிள்ளை உடல் முழுவதும் வெள்ளித்தாள் சுற்றிக்கொள்ளத் தேவையில்லை. உணர்ச்சியற்ற முகமும் சீரான நடையும் போதும்.

ஒவ்வொரு சீட்டிலும் பெயருக்குக் கீழே இரண்டு வரி எழுதிவிடுங்கள்: இவர் யார், இவருக்கு என்ன வேண்டும். இரண்டாவது வரிதான் நடிக்க உதவும்.

கேள்வி: கல்லூரியில் கதை எழுதும் பயிற்சிக்காக மாணவர்களுக்குச் சீட்டு முறையில் பாத்திரங்களைத் தருகிறேன். பிடிக்காத பெயர் வந்தால் உடனே அடுத்தவரோடு மாற்றிக்கொள்கிறார்கள். தடுக்க வேண்டுமா, விட்டுவிடலாமா?
(ஆசிரியை, கோயம்புத்தூர்)

பதில்: தடுத்துவிடுங்கள் என்பதே என் கருத்து. மாற்றிக்கொள்ள அனுமதித்தால் ஒவ்வொருவரும் ஏற்கெனவே எழுதத் தெரிந்த கதைக்கே திரும்பிப் போவார்கள், பயிற்சி நடக்காது.

அறிவியல் புனைகதையின் தொடக்கத்திலேயே இப்படி வெளியிலிருந்து வந்த ஒரு பணி இருக்கிறது. இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை 1815-இல் வெடித்துக் கக்கிய சாம்பலும் வாயுக்களும் வானில் பரவியதால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வராமல் மழையும் குளிருமாகப் போயிற்று. ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு மாளிகையில் அடைபட்டுக் கிடந்த நண்பர்கள் பேய்க்கதைகளைப் படித்துப் பொழுதைப் போக்கினார்கள். அப்போது கவிஞர் பைரன், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார். அவர்களுள் ஒருவரான, பின்னாளில் மேரி ஷெல்லி என்று அறியப்பட்ட பதினெட்டு வயது மேரிக்குப் பல நாள் எதுவும் தோன்றவில்லை. கதை கிடைத்ததா என்று காலைதோறும் கேட்டார்கள் என்றும், இல்லை என்றே சொல்ல வேண்டியிருந்தது என்றும் அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்தத் தவிப்பிலிருந்து பிறந்ததுதான் 1818-இல் வெளிவந்த 'ஃபிராங்கென்ஸ்டைன்'. கதை எழுதுவோம் என்று சொன்ன பைரன் தம் கதையை முடிக்கவேயில்லை. உங்கள் மாணவர்களுக்கும் அந்தத் தவிப்பு வேண்டும். ஆகவே சீட்டு எடுக்கும் நாளுக்கும் கதையைத் தரும் நாளுக்கும் இடையே ஒரு வாரமாவது விடுங்கள்.

பாத்திரத்தின் பெயர் மட்டும் போதாது. இன்னொரு பெட்டியில் இடங்களையும், மூன்றாவதில் அந்தப் பாத்திரம் இழந்துவிட்ட ஒன்றையும் எழுதி வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத மனிதன், மழைக்கால ரயில் நிலையம், தொலைந்த மூக்குக்கண்ணாடி என்று மூன்று சீட்டுகள் சேர்ந்து வந்தால் எழுதாமல் இருப்பதுதான் கடினம். புகழ்பெற்ற பாத்திரத்தை வைத்து எழுதியதை அச்சுக்கு அனுப்புவதாக இருந்தால், பெயரையும் அடையாளங்களையும் நீக்கிச் சொந்தப் பாத்திரமாக மாற்றிய பிறகே அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: சீட்டுக்குப் பதிலாக இரண்டு பகடைகளை உருட்டிக் கூட்டுத்தொகையை வைத்துப் பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கலாமா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: கூட்டாதீர்கள். மொத்தம் 36 விதமாகப் பகடைகள் விழலாம். அவற்றில் 7 ஆறு விதமாக வரும், 2-உம் 12-உம் ஒரேயொரு விதமாகத்தான் வரும். ஏழாம் இடத்துப் பாத்திரம் சலிப்பூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். அதற்குப் பதிலாகச் சிவப்பு, வெள்ளை என்று இரண்டு நிறப் பகடைகளை எடுத்துக்கொண்டு, ஆறுக்கு ஆறு கட்டங்கள் வரைந்து, சிவப்பு வரிசையையும் வெள்ளை நிரலையும் காட்டும்படி வைத்தால் 36 பாத்திரங்களுக்கும் சம வாய்ப்புக் கிடைக்கும்.

கேள்வி: சென்ற ஆண்டு எங்கள் குடியிருப்பு விழாவில் ஏழு வயதுச் சிறுவனுக்கு ஃபிராங்கென்ஸ்டைனின் உருவம் சீட்டில் வந்தது. அழுதுவிட்டான். இந்த ஆண்டு என்ன செய்யலாம்?
(வாசகி, சேலம்)

பதில்: கல்லூரி மாணவர்களுக்குச் சொன்ன கண்டிப்பு சிறு பிள்ளைகளுக்குப் பொருந்தாது. வருகிற பிள்ளைகளைவிட ஐந்தாறு சீட்டுகள் அதிகமாக வைத்து, யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமலே ஒருமுறை மாற்றி எடுத்துக்கொள்ளலாம் என்று தொடக்கத்திலேயே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். பிறகு ஒரு பிள்ளை மாற்றும்போது மற்றவர்கள் அதை அச்சமாகப் பார்க்க மாட்டார்கள்.

அந்தச் சிறுவனிடம் இன்னொன்றும் சொல்லலாம். ஃபிராங்கென்ஸ்டைன் என்பது அந்த உருவத்தைப் படைத்தவரின் பெயர். அந்த உருவத்துக்கு மேரி பெயரே வைக்கவில்லை. தன்னை உண்டாக்கியவரே வெறுத்து ஓடிவிட்டதால் தனித்து விடப்பட்டு, ஒரு குடும்பத்தை மறைவிலிருந்து பார்த்தே பேசக் கற்றுக்கொண்ட உயிர் அது. கோரைப்பல்லும் இரத்தமும் இல்லாமல், நண்பனைத் தேடி வரும் ஒருவனாக அதை நடிக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்றும் அவனையே கேளுங்கள்.